அரசன் நடந்த பாதையில் ஒரு கழிப்பறை

பிளம்பர் செய்த ஒரே குற்றம் உண்மையைச் சொன்னது. அதையும் யாரும் கேட்காமலே சொன்னார். மனுஷன் சுபாவம் அப்படி. யார் வீட்டுக் குழாயைத் திறந்தாலும் உள்ளே என்னென்ன கோளாறு, அதில் எதெது வீட்டுக்காரர் செய்த கோளாறு என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரைக் கையில் எடுப்பார். பாதிப்பேர் அதற்குப் பயந்தே அவரைக் கூப்பிடுவதில்லை.

கதை அவருடைய மாமியாரின் இடுப்பெலும்பில் தொடங்குகிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இருந்தவர் அவர். ஒருநாள் மாடிப்படியில் கடைசி இரண்டு படிகளை ஒன்றாக எண்ணி இறங்கிவிட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே தப்புக் கணக்கு. மருத்துவமனையில் ஆறு வாரம் வைத்திருந்து, இடுப்பில் ஒரு கம்பியைப் பொருத்தி, இனிமேல் படியேறவே கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் இருந்த ஒரே கழிப்பறை மாடியில் இருந்தது.

ஊருக்கெல்லாம் கழிப்பறை கட்டித் தருகிறவர் தன் வீட்டில் கீழே ஒன்று கட்டவில்லையே என்று மனைவி பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வெறுமனே பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே பிளம்பர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வீட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டார்.

தோண்டுமுன் பழைய இரும்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதற்காக அவரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் உண்டு. நீளக் கம்பு, நுனியில் தட்டு அகலத்துக்கு ஒரு வளையம். உலோகம் கிட்டே வந்தால் கத்தும். அன்று இரண்டு முழம் தோண்டியதும் குழாயே இருக்க வழியில்லாத மூலையில் கத்தியது. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒரு சின்ன மண் கலயம். உள்ளே பச்சை பிடித்த பதினொரு நாணயங்களும் இடுப்புப் பட்டையில் மாட்டுகிற வெண்கலக் கொக்கி ஒன்றும் இருந்தன.

அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றாள் மனைவி. எதுவேண்டுமானாலும் கிடைக்கட்டும், குழி மட்டும் நிற்கக் கூடாது என்று கட்டிலிலிருந்து மாமியார் சொல்லி அனுப்பினார். இரண்டு பெண்கள் சொன்ன நல்ல புத்தியைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பிளம்பர் கலயத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று தொல்பொருள் பாதுகாப்புத் துறைக்குக் கிளம்பினார்.

துறையின் கட்டடம் மழையில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகிய இடங்களிலெல்லாம் வாளி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாளிக்கும் எண் போட்டுச் சீட்டுக் கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தார்கள். அதைத் துறை ஊழியர்களும் மதித்து நடந்ததால் வாளிகள் நிரம்பி நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர். பிளம்பருக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு பதிவு எழுத்தரின் மேசையில் கலயத்தை வைத்தார், கண்டெடுத்தேன் என்றார்.

எழுத்தர் கலயத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அதன்மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

“நீங்க கண்டெடுக்க முடியாது. கண்டெடுக்கிற அதிகாரம் துறைக்கு மட்டும்தான். பொதுமக்கள் சந்தேகப்படலாம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு.”

“சார், சந்தேகமே இல்ல. இதோ உங்க மேசை மேல இருக்கே.”

“அது மண்ணுக்குள்ள இருக்கு. எங்க ஆளு வந்து எடுக்கிற வரைக்கும் அங்கதான் இருக்கும்.”

ஆகவே பிளம்பர் கலயத்தைத் திரும்பக் கொண்டுபோய், எடுத்த இடத்தில், எடுத்த ஆழத்தில், எடுத்த திசை பார்த்துப் புதைக்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு நாணயமும் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கமே மேலாக இருக்க வேண்டும். அதுவரை குழியில் வேறு வேலை எதுவும் நடக்கக் கூடாது. அந்தத் தடையாணை மட்டும் அங்கேயே, அப்போதே, முத்திரையோடு கிடைத்தது. அந்த அலுவலகத்தில் தயாராக இருந்த ஒரே தாள் அதுதான்.

வீட்டுக்கு வந்து கலயத்தைப் புதைக்கும்போது மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

அன்றுமுதல் நாற்காலி ஊர்வலம் தொடங்கியது. தெருவில் மூன்றாவது வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. அங்கே கீழ்த்தளத்திலேயே கழிப்பறை உண்டு. மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் பிளம்பரும் பின்னால் மனைவியுமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஒரு நாளைக்கு நான்கு தடவை. தெருவில் பாதிப்பேர் அந்த அம்மாவிடம் படித்தவர்கள். நாற்காலி வருவதைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்பார்கள். அவரும் உட்கார் உட்கார் என்று கையசைத்துக்கொண்டே போவார். எங்கே போகிறார் என்பது நிற்கிறவர்களுக்கும் தெரியும், போகிறவருக்கும் தெரியும்.

பத்துநாள் கழித்து ஊர்வலம் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உடம்பு தேறிவருகிறது போலிருக்கிறது என்று பிளம்பர் சந்தோஷப்பட்டார். பிறகுதான் கவனித்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. மாமியாரின் உதடு வெடித்திருந்தது.

“என்ன அத்தை, தண்ணியே குடிக்கலையா?”

“தாகமில்ல மாப்பிள்ளை.”

பிளம்பர் தன் கையைப் பார்த்தார். ஊரில் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து விட்ட கை இது. தன் வீட்டில் ஒருத்தர் தண்ணீரைப் பார்த்தே பயப்படுகிறாரே என்று குழியோரம் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு துறைக்கு ஒன்பதாவது நினைவூட்டுக் கடிதம் எழுதினார்.

நாற்பதாவது நாள் கள ஆய்வாளர் வந்தார். துறையின் பூட்ஸ் போட்டிருந்தார், நடந்தால் தெருமுனைவரை கேட்டது. கையில் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னச் சிவப்புக் கொடிகள். கருவி எங்கே சார் என்று பிளம்பர் கேட்டதற்கு, துறையிடம் ஒரு டிடெக்டர் இருக்கிறது, ஆனால் அதற்கு ஐம்பது வயது ஆகிவிட்டதால் அதுவே தொல்பொருளாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது என்று விளக்கினார். பிளம்பருடைய கருவியைத் துறையின் பெயரில் தற்காலிகமாக வாங்கிக்கொண்டு வாசலிலிருந்தே தேட ஆரம்பித்தார்.

முதல் அடியிலேயே கருவி கத்தியது. ஒரு கொடி குத்தினார். இரண்டாவது அடியிலும் கத்தியது, இன்னொரு கொடி. வாசல், நடை, கூடம் என்று அவர் கால் வைத்த இடமெல்லாம் உலோகம். டீ குடிக்க உட்கார்ந்த நாற்காலிக்கடியில் பக்கம் பக்கமாக இரண்டு. டீ குடித்ததும் அவசரமென்று மாடிக்குப் போனார். படிக்குப் படி கொடி. மாடிக் கழிப்பறைக்குள் இரண்டு கொடி குத்திவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, நிம்மதியான முகத்தோடு இறங்கி வந்தார்.

பிளம்பர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அவருக்கு வாய் நிற்காது.

“சார், உங்க பூட்ஸ் அடியில இரும்பு லாடம் அடிச்சிருக்கு. கருவி அதைப் பார்த்துத்தான் கத்துது.”

ஆய்வாளர் கோபப்படவில்லை. “இந்த பூட்ஸ் துறையோட சொத்து, இருப்புப் பதிவேட்டுல இருக்கு. ஏற்கனவே பதிவான பொருளை எப்படிப் புதுசா கண்டுபிடிக்க முடியும்?”

பிளம்பரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது. சரி, கலயம் இருக்கிற குழியையாவது பாருங்கள் என்று கூட்டிப்போனார். ஆய்வாளர் எட்டி நின்று பார்த்தார். உள்ளே ஒரே சேறு. அது நீங்கள் சந்தேகப்பட்ட இடம், நான் கண்டுபிடிக்கிற இடம் வேறு என்று சொல்லிவிட்டுக் குழியைச் சுற்றி ஏழு கொடி குத்தினார்.

போகிற போக்கில் மாமியாரின் கட்டிலோரம் வளையத்தை நீட்டினார். இடுப்புக்கு நேரே அது வீறிட்டது. அது டாக்டர் வைத்த கம்பி என்று மனைவி பதறிக்கொண்டு சொன்னாள். வைத்தது யார், எந்தக் காலம் என்பதையெல்லாம் ஆராய்ச்சிப் பிரிவு முடிவுசெய்யும், என் வேலை கொடி குத்துவது என்றார் ஆய்வாளர். ஆனாலும் நல்ல மனுஷன், குத்தவில்லை, கட்டில் காலில் கட்டினார். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, நீ என்கிட்ட படிச்சியா?”

“இல்லீங்கம்மா.”

“அதான பார்த்தேன்.”

அறிக்கை வந்தது. ஆராய்ச்சிப் பிரிவு தரையில் குத்திய ஐம்பத்தெட்டுக் கொடிகளையும் அளந்து வரைபடம் போட்டு வியந்திருந்தது. கொடிக்கும் கொடிக்கும் நடுவே சரியாக இரண்டேகால் அடி. இடதுபக்கப் புள்ளிகள் மட்டும் சற்று வெளியே விலகியிருந்தன. ஆகவே இடதுகாலில் ஊனமுள்ள ஓர் அரசன் இந்த வழியே நடந்திருக்கிறான், காலடிக்கொரு முறை உலோகக் காணிக்கை புதைத்துக்கொண்டே போயிருக்கிறான். (ஆய்வாளருக்கு இடதுகாலில் ஆணி இருந்தது. அதை அறிக்கை சொல்லவில்லை.) அவன் கூடத்தில் கொஞ்சநேரம் அமர்ந்தான். பிறகு மாடியேறி, ஒரு சிறு அறையில் தனிமையில் தியானித்து, மனம் தெளிந்து இறங்கினான். குழியில் இறங்காமல் சுற்றிச் சென்றது அவனுடைய மாண்புக்குச் சான்று. இயக்குநர் கையெழுத்திட்டு வீட்டைப் பாதுகாக்கப்பட்ட அரசபாதையாக அறிவித்தார்.

பாதையின் இருபக்கமும் கம்பிவேலி வந்தது. மாடிப்படி அடைக்கப்பட்டது. தியான அறைக்குச் சீல் வைத்தார்கள். ஆக, இப்போது வீட்டில் யாருக்குமே கழிப்பறை இல்லை. பிளம்பரும் மனைவியும் மாமியாரோடு மூன்றாவது வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். தையல்காரம்மா தங்கமானவர்தான், ஆனாலும் தங்கத்துக்கும் ஓர் உருகுநிலை உண்டல்லவா? கதவைத் திறக்கும்போது முகத்தை எங்கேயோ திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

மாமியார் வேறு பட்டியலில் ஏறிவிட்டார். பொருள் எண் ஐம்பத்தொன்பது: பழமையான உறையில் பொதிந்த உலோகத் தண்டு, இருக்குமிடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. வாசலில் போட்ட காவலாளியிடம் இருந்த உத்தரவு அது. ஒவ்வொரு தடவை நாற்காலி கிளம்பும்போதும் அவர் வெளியேற்றச் சீட்டு எழுதியாக வேண்டும். போகுமிடம், காரணம், திரும்பும் நேரம். காரணம் என்ற இடத்தில் அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ‘ஆய்வுக்காக’ என்று எழுதுவார். காவலாளி மூன்றாம் வகுப்பில் இந்த டீச்சரிடம் படித்தவர். மாமியார் சீட்டை வாங்கிப் பார்த்து, திரும்பும் நேரத்தைச் சரியாகக் கூட்டியிருக்கிறாயே என்று பாராட்டுவார். ஆனால் தண்ணீர் குடிப்பது இப்போது ஒரு நாளைக்கு அரை டம்ளராகிவிட்டது. ராத்திரி காய்ச்சல் வந்தது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் கையை விரித்தார்.

பிளம்பர் டாக்டர் சீட்டோடு மனு கொடுத்தார். கீழே ஒரே ஒரு கழிப்பறை, நான்கடிக்கு நான்கடி, நானே கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். பதில் மரியாதையாகவே வந்தது. தங்கள் மாமியாரின் தேவை அரசனின் காலத்துக்குப் பிற்பட்டது, ஆகவே முன்னுரிமை கோர இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதம் வந்த மறுவாரமே ஒரு லாரி நிறையச் செங்கல்லும் சிமெண்ட்டும் வந்து நின்றன. எங்கெல்லாம் பாதுகாக்கப்பட்ட இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் பார்வையாளர்களுக்குக் கழிப்பறை இருந்தாக வேண்டும் என்று துறைக்கு ஒரு விதி உண்டாம். கட்டுமானப் பிரிவு அதற்காக வந்திருந்தது. இங்கே கட்டக் கூடாது என்றீர்களே என்று பிளம்பர் மேஸ்திரியைக் கேட்டார்.

“நீங்க கட்டக் கூடாது. நீங்க கட்டினா அது கட்டடம். துறை கட்டினா அது வசதி.”

இடம் தேடி அலையாமல் பிளம்பர் தோண்டிவைத்த குழியையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கொத்திலேயே கலயம் சுக்குநூறாக உடைந்தது. பச்சை நாணயங்கள் சேற்றோடு சேறாகக் கூடையில் ஏறி, லாரியில் விழுந்தன. பிளம்பர் ஓடிப்போய்க் காட்டினார். என் தாளில் பாதை மட்டும்தான் இருக்கிறது, நாணயம் என்று எதுவும் இல்லை என்றார் மேஸ்திரி. லாரி போய்விட்டது. பிளம்பர் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண் குழியின் ஆழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆழம் போதும் என்று தோன்றியதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாவிகள் குழாயை மட்டும் வாட்டம் தப்பிப் போட்டிருந்தார்கள், தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவர் காலுக்கே திரும்பி வரும். அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பிளம்பர் இரண்டு செங்கலை அண்டைகொடுத்து வாட்டத்தைச் சரிசெய்தார்.

பத்தே நாளில் கழிப்பறை எழுந்து நின்றது. மேல்நாட்டுப் பீங்கான், பிடித்து எழக் கைப்பிடி, உள்ளே பளபளவென்று தாழ்ப்பாள். வெளியே பூட்டு. இயக்குநர் வந்து திறந்துவைக்கும்வரை யாரும் உபயோகிக்கக் கூடாது. இயக்குநருக்கு ஒரு மாதத்துக்குத் தேதி இல்லை. அந்த ஒரு மாதமும் மாமியார் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் மாப்பிள்ளை, பூட்டும் நல்ல பூட்டு என்றார் ஒருநாள். பிளம்பர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

விழா நாளன்று காலையிலேயே பூட்டைத் திறந்து, கதவுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். இயக்குநர் வந்தார். வந்ததும் ஒரு டீ, மேடையேறுமுன் ஒரு டீ, மேடையில் ஒரு டீ. பிறகு பேசத் தொடங்கினார்.

“முப்பது வருஷம் இந்தத் துறையில இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பிடி மண்ணைக்கூட நான் தோண்டினதில்ல. அதனாலதான் என் காலத்துல ஒரு பொருள்கூட உடையல. நம்ம துறைக்கு இருக்கிற ஒரே இடைஞ்சல் இந்த ஜனங்கதான். எங்க போனாலும் குடியிருக்காங்க. ஆயிரம் வருஷம் முன்னாடி இருந்தவங்களைப் பாருங்க, ஒருத்தராவது மனு கொடுத்திருக்காங்களா?”

ஊழியர்கள் கைதட்டினார்கள். அரசனின் தியான அறையைப் பற்றி அவர் உருகிப் பேசியபோது முன்வரிசையில் ஆய்வாளர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஒன்றரை மணி நேரம் போனது. அந்த நேரத்தில்தான் பின்பக்க வாசலில் நடை பழக டாக்டர் கொடுத்த நான்குகால் சட்டத்தை ஊன்றிக்கொண்டு மாமியார் வந்து நின்றார். ஓரடி எடுத்துவைத்து மூச்சு வாங்கினார், இன்னோரடி வைத்தார். பிளம்பர் ஓடிப்போய் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். காவலாளி பார்த்தார். சீட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு, ரிப்பனை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தார்.

மாமியார் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

இயக்குநர் கத்தரிக்கோலோடு வந்தபோது கதவு மூடியிருந்தது. உள்ளே யார் என்று கேட்டார். பொருள் எண் ஐம்பத்தொன்பது என்றார் காவலாளி விறைப்பாக நின்று. உடனே வெளியே எடுங்கள் என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இருக்குமிடத்துலேருந்து நகர்த்தக் கூடாது சார். நீங்க போட்ட கையெழுத்து.”

கதவை உடையுங்கள் என்றார் இயக்குநர். அரசபாதைக்குள் இருக்கிற எதை உடைப்பதற்கும் குழு கூடி அனுமதி தர வேண்டும், குழு மூன்று மாதத்துக்கொருமுறை கூடும், போன வாரம்தான் கூடியது. இதையும் ஆய்வாளரே சொன்னார். இயக்குநர் ஒருகாலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். பிறகு மறுபடி மாற்றினார். மூன்று டீயும் ஒன்றரை மணி நேரமும் சேர்ந்து வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டன. கூட்டத்திலிருந்து பிளம்பரை மட்டும் தனியாக ஓரங்கட்டினார். குரல் சன்னமாகிவிட்டது.

“ஏங்க, வீட்டுல வேற ஒன்னு... மாடியில...?”

“இருந்தது சார். அரசர் தியானம் பண்ணின இடம்னு நீங்க சீல் வெச்சுட்டீங்க.” பிளம்பருக்குப் பொய் சொல்ல வராது, உண்மையை முழுசாகச் சொல்லித்தான் பழக்கம். “மூணாவது வீட்டுல கேட்டுப் பாருங்க. வெளியே போறதுக்கு வாசல்ல சீட்டு வாங்கணும், காரணம் எழுதணும்.”

இயக்குநர் காரணத்தைத் தன் கையாலேயே எழுதினார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் வேகவேகமாக நடந்தபோது துறை மொத்தமும் பின்னால் ஓடியது. தெருக்காரர்கள் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள்.

கொல்லையில் பிளம்பரும் மனைவியும் காவலாளியும் மட்டும் நின்றார்கள். பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றுகிற ஓசை கேட்டது, குழாயில் தடங்கலில்லாமல் அது இறங்கிப் போகிற ஓசையும் கேட்டது. அதற்கப்புறம் மாமியாரின் குரல் வந்தது.

“மாப்பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க. பெரிய சொம்புல.”

பிளம்பர் சமையலறைக்கு ஓடினார்.